மோட்டார் கொட்டகைக் காரியஸ்தர்

பேராவூரணிப் பக்கம் எந்தத் தென்னந்தோப்பிலும் மோட்டார் கொட்டகைக் கதவைத் திறந்தால் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். பச்சை, சிவப்புப் பொத்தான்கள். மூன்று பேஸுக்கு மூன்று சின்ன விளக்குகள். பழைய பண்ணைகளில் காரியஸ்தர் பார்த்த வேலையை இன்று இதுதான் பார்க்கிறது என்பேன்.

1934-ல் கல்லணைக் கால்வாய் வந்தும் இந்தப் பக்கம் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் கடைசியாகத்தான் எட்டும். ஆழ்துளைக் கிணறுதான் கைகொடுக்கும். ஓடும்போது ஒரு பேஸ் போனால், மோட்டார் மற்ற இரண்டில் கூடுதலாக இழுத்துச் சூடேறி காயில் கருகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் பிரிவென்டர் அதற்குள் தொடர்பைத் துண்டித்துவிடும். கிணறு வற்றி மோட்டார் சும்மா சுற்றினால் ஆம்பியர் இறங்கும். அதை வைத்தே நிறுத்திவிடுகிற பெட்டிகளும் உண்டு. ஆட்டோ முறையில் போட்டிருந்தால், கரண்ட் திரும்பியதும் பெட்டி அவசரப்படாது. சில நொடி பொறுத்துத்தான் 'டக்' என்று காண்டாக்டர் ஒட்டும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

பெரிய ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைக்கும் இதே புத்திதான், கருவிகள்தான் அதிகம்.

இப்போது சிம் கார்டு போட்ட பெட்டி. தஞ்சாவூரில் கல்யாணப் பந்தியில் இருந்தபடி சித்தப்பா போனை அழுத்துகிறார்; தோப்பில் மோட்டார் ஓடுகிறது. ராத்திரியில் பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு நடந்த காலம் போச்சு. எந்த மரத்தடி காய்ந்திருக்கிறது என்பது மட்டும் பெட்டிக்குத் தெரியாது. அதற்கு விடிந்ததும் அவரேதான் நடக்கிறார்.

ஒன்று: ஆட்டோவில் போட்ட மோட்டாரைத் தொடும் முன் மெயினை இறக்கிவிடுங்கள். கரண்ட் வந்தால் அது உங்களைக் கேட்காது.