பெரியதை எடு, சின்னதை விடு

மின்னசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் எல்லையாக மிஸிஸிப்பி ஓடும் பகுதியில், கோடை முடியும் நேரத்தில் ப்ளூகில் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பது இன்று தனிக் கலையாகப் பேசப்படுகிறது. ஒரு காலத்தில் அது சிறுவர் வேலை. மண்புழுவும் தக்கையும் கையில் இருந்தால் போதும். இன்று படகில் சோனார்த் திரை பொருத்தி மீனைத் தேடுகிறார்கள். பிடித்ததைப் பெட்டியின் மூடிமேல் அடுக்கிப் படம் எடுக்கிறார்கள். படத்தில் இருப்பவை எல்லாம் எட்டு, ஒன்பது அங்குலம். இத்தனை பெரியவற்றை எடுக்கலாமா என்று கேட்டால் விடை தயாராக இருக்கிறது: இது ஏரியல்ல, ஆறு, இந்த மீன் கணக்கில்லாமல் பெருகும், பெரியதை எடுத்தால் சின்னதுக்கு இடம் கிடைக்கும். இந்த விடையோடு எனக்கு நெடுநாள் பிணக்கு உண்டு.

கலையில் குறை சொல்ல முடியாது. ஜூனில் கரையோரம் எங்கும் தெரிந்த மீன் ஆகஸ்டில் மறைந்துவிடும்; அதைத் தேடிப் பிடிப்பவருக்கு ஆறு தெரிந்திருக்க வேண்டும். ஆற்றோரத் தேங்குநீர் பாசி மண்டிச் சூடேறிக் கிடக்கும். இரவில் பாசியே உயிர்வளியை உறிஞ்சிக்கொள்வதால் விடியற்காலையில் அங்கே மீனுக்கு மூச்சு முட்டும். ஆகவே ப்ளூகில் பக்கக் கால்வாய்களின் வாய்க்கு நகர்கிறது. ஆனால் தட்டையான உடம்பு கொண்ட மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்காது. சாய்ந்த மரத்தின் பின்னால், பழைய கல்தடுப்பின் ஓரத்தில், ஓட்டம் உரசிப் போகும் சுழியில் ஒதுங்கி, நீர் கொண்டுவருவதைத் தின்னும். அந்த நீர் கொண்டுவருவதும் கொஞ்சமல்ல. லா க்ராஸ் ஊர்ப் பக்கம் கோடையில் ஆற்றிலிருந்து எழும் ஈசல் போன்ற பூச்சிக் கூட்டம் வானிலை ரேடாரில் மழைமேகம்போலத் தெரிந்திருக்கிறது. மீனின் வாயோ மிகச் சிறியது. எட்டாம் எண் அல்லது பத்தாம் எண் முள், மெல்லிய நரம்பு, மெதுவாக இறங்கும் இரை இல்லாமல் அதை ஏமாற்ற முடியாது. 2018-இல் கார்மின் நிறுவனம் கொண்டுவந்த நேரலை சோனார்மீது பலருக்குக் கோபம். எனக்கு அவ்வளவு இல்லை. சாய்ந்த மரங்களின் சிக்கலுக்குள் அந்தத் திரையைவிடப் பழகிய கண்ணுக்கே அதிகம் தெரியும்.

கோளாறு இந்தக் கலையின் நடுவிலேயே இருக்கிறது. ப்ளூகில் பெரும்பாலும் அளவு பார்த்துக் கூட்டம் சேரும். அதனால் எல்லா ஆசான்களும் சொல்லும் முதல் பாடம்: சின்னது கடித்தால் இடத்தை மாற்று. அடுத்த மரத்துக்குப் போ, இன்னும் இரண்டடி ஆழத்தில் விடு, நிழலின் உட்புறத்தைத் தேடு. ஆக, தேடும் திறமை என்று நாம் மெச்சுவது, ஆற்றிலிருந்து பெரிய மீனை மட்டும் சலித்தெடுக்கும் திறமை. தப்பித்தவறிப் பிடிபட்ட சின்னதைத் திரும்ப விடும்போது மனசாட்சியும் குளிர்ந்துவிடுகிறது. பல மீன்களுக்குச் சரியான இந்த அறம் ப்ளூகில் விஷயத்தில் தலைகீழானது.

காரணம் அந்த மீனின் குடும்ப வாழ்க்கை. கோடைத் தொடக்கத்தில் ஆண் மீன் ஆழமில்லாத நீரில் வாலால் விசிறிக் குழி அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். முட்டைக்கு நீர் விசிறுவதும், குஞ்சு நீந்திப் போகும்வரை சரியாகத் தின்னாமல் காவல் இருப்பதும் ஆண்தான். கனடாவின் ஒபினிகன் ஏரியில் ஆய்வாளர் மார்ட் கிராஸ் 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு, அங்கே காவல் ஆண் முதிர்ச்சி அடைய ஏழு ஆண்டு ஆகிறது என்று காட்டியது. பின்னால் இல்லினாய் ஆய்வாளர்கள் கண்டது இன்னும் முக்கியம். பெரிய ஆண்கள் இருக்கும் நீரில் இளம் ஆண்கள் முதிர்ச்சியைத் தள்ளிப்போட்டு உடம்பை வளர்க்கின்றன. பெரியவை போய்விட்டால் அவசரமாக முதிர்கின்றன. தின்பதெல்லாம் இனப்பெருக்கத்துக்குச் செலவாகி வளர்ச்சி நின்றுவிடுகிறது. பெரியதை எடுத்தால் சின்னதுக்கு இடம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சின்னது சின்னதாகவே இருந்துவிடும். மீன் பெருகும் என்ற வாதம் இங்கே எடுபடாது. 1960-இல் சிகாகோவிலிருந்து பரிசாக ஜப்பானுக்குப் போன ப்ளூகில் பிவா ஏரியில் எப்படிப் பெருகியது என்பதும், அதைக் கொண்டுபோன அகிஹிட்டோ 2007-இல் பேரரசராக இருந்தபோதே அதற்கு வருந்திப் பேசியதும் தெரிந்த கதை. எண்ணிக்கைக்கு ஆபத்து இல்லை. ஆபத்து அளவுக்கு.

கோடை இறுதியில் குழியும் இல்லை, காவலும் இல்லை, அப்போது எடுத்தால் என்ன என்கிறார்கள். செப்டம்பரில் பொரித்த ஆண் அடுத்த ஜூனில் குழிக்கு வராது. அதோடு இந்தப் பருவத்தில் மார்பின் செம்மை மங்கிவிடுவதால் ஆணா பெண்ணா என்று பார்த்து விடுவதும் எளிதல்ல.

ஆறு ஏரியல்ல என்ற வாதத்துக்கு வருவோம். ஆய்வுகள் பெரும்பாலும் ஏரிகளிலும் குட்டைகளிலும் நடந்தவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆற்று ப்ளூகில் ஆண்டு முழுவதும் ஆற்றில் இருப்பதில்லை. நீர் உறைநிலைக்கு அருகில் வரும்போது சிறு ஓட்டத்தையும் அதனால் தாங்க முடியாது. ஓட்டமற்ற, ஆழமுள்ள, உயிர்வளி குறையாத மடுக்களுக்குத் திரும்பிவிடும். 1930-களில் ஆற்றில் கட்டிய அணைகளுக்குப் பின் வண்டல் படிந்து அத்தகைய மடுக்கள் சுருங்கிவிட்டன. அயோவாவின் பிரௌன்ஸ் லேக்கில் தூர்வாரி நீரைச் சீர்செய்ய அரசே பணம் செலவிட வேண்டியிருந்தது. எஞ்சிய மடுக்களில் மொத்தக் கூட்டமும் குளிர்காலம் முழுவதும் அடைந்து கிடக்கும். பனியில் துளையிட்டு மீண்டும் பெரியதையே பொறுக்குவார்கள். திறந்த ஆறு என்று சொல்லிக்கொள்பவர்கள் ஜனவரியில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே இந்த வாதத்தின் நேர்மை விளங்கிவிடும்.

அரசுகளும் இதை முழுக்க விட்டுவிடவில்லை. 2020-இல் இந்த எல்லை ஆற்றில் ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய எண்ணிக்கை 25-இலிருந்து 15 ஆனது. மின்னசோட்டா தன் ஏரிகள் பலவற்றில் அதை 10, 5 என்றும் இறக்கியிருக்கிறது. ஆனால் ஆற்று விதி எண்ணுகிறதே தவிர அளப்பதில்லை. பதினைந்தும் ஒன்பது அங்குல ஆணாக இருந்தாலும் சட்டப்படி சரி. வட மாநிலங்களில் எட்டு அங்குலம் தாண்ட ஒரு மீனுக்குப் பெரும்பாலும் ஆறேழு ஆண்டாவது வேண்டும். ஒரு நல்ல மரத்தடியைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு காலைப்பொழுது போதும். எட்டு அங்குலத்துக்கு மேல் ஒன்றோ இரண்டோ, மற்றவை ஆறிலிருந்து ஏழுக்குள் என்று விதி வந்தால் கலையும் கெடாது, சட்டியும் காயாது.

அதற்கும் ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள்: ஏழு அங்குல மீனில் வெட்டியெடுக்கச் சதை இல்லை. மின்கத்தி வைத்துப் பக்கச் சதையை மட்டும் சீவி மற்றதைத் தூக்கியெறியும் பழக்கத்தின் மறுப்பு இது. இதே ஆற்றங்கரையில் முன்பு செதிலைச் சுரண்டி, குடலை நீக்கி, சோளமாவில் புரட்டி முழு மீனாகவே பொரித்தார்கள். முள்ளோடு மீன் தின்னத் தெரிந்த நமக்கு அது மறுப்பாகவே தோன்றாது.