வங்க வரகுக்கோழியின் துள்ளல்

அசாமின் மானஸ் காட்டுக்குப் போகிறவர்கள் யானை, காண்டாமிருகம், புலி என்று தேடுவார்கள். எனக்கு அங்கே புல்தான் முதலில். பனிக்காலத்தில் தீ வைத்த தரையில், கருகிய தாள்களுக்கு நடுவே மார்ச் மாதம் இளம்பச்சை முளைகள் கிளம்பும். எரியாமல் விட்ட ஆளுயர நாணல் பக்கத்தில் நின்று சரசரக்கும். அந்தக் குட்டைப் புல்லிலிருந்துதான் வங்க வரகுக்கோழிச் சேவல் எழும்பும். கானமயிலுக்கு உறவு. தலை, கழுத்து, வயிறு எல்லாம் கறுப்பு. இறக்கை விரிந்ததும் பளீரென்று வெள்ளை. மூன்று நான்கு மீட்டர் மேலே போய், இறக்கைகள் படபடக்க ஒரு கணம் அந்தரத்தில் நின்று, இறங்கிப் புல்லுக்குள் மறைந்துவிடும். சில நொடிகள்தான். அதற்காகக் காலை முழுக்கக் காத்திருக்கலாம்.

சேவலின் ஆட்டம் கண்ணில் படுவதற்கென்றே ஆனது. பெட்டையின் திறமை நேரெதிர். எனக்கு அதன் மேல்தான் மதிப்பு அதிகம். சேவலைவிடச் சற்றுப் பெரிய உடம்பு, ஆனாலும் மணல் நிறமும் பழுப்புக் கீற்றுகளுமாகக் காய்ந்த புல்லோடு கலந்துவிடும். வெறுந்தரையில் ஒன்றோ இரண்டோ முட்டையிட்டு, சேவலின் துணையில்லாமல் அடைகாக்கும். உலகில் வளர்ந்த பறவைகள் 1000கூட இல்லை. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியைச் சுற்றி, வெள்ளம் வடிந்த புல்வெளிகளிலும் இவை உண்டு. அந்த நிலம் வேகமாக நெல்வயலாகிவருகிறது. மானஸில் புல்லை எரிப்பதில் தவறில்லை, இளந்தளிர் அதனால்தான் வருகிறது. முட்டையிடும் காலத்துக்கு முன்பே எரித்து முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.