பட்டினப்பாலையும் தடையற்ற வணிகமும்

பண்டைத் தமிழரின் வணிகச் சிறப்புக்குப் பட்டினப்பாலையைச் சான்று காட்டுதல் நம் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் வழக்கமாகிவிட்டது. தமிழர் தடையற்ற வாணிகம் நடத்தினர், ஆதலின் வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று வாதிட அந்நூலைத் துணைக்கு அழைப்பாரும் உளர். நூலை முழுதும் பயின்றார்க்கு இக்கருத்து உடன்பாடாகாது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார், 301 அடிகள் கொண்ட இப்பாட்டில், காவிரிப்பூம்பட்டினத்திற்கு வந்த குதிரை, மிளகு, பொன், முத்து, பவளம் முதலியவற்றோடு காழகத்துப் பொருளையும் சொல்கிறார். காழகம் என்பது கடாரம் என நச்சினார்க்கினியர் உரை கண்டார். ஆகவே மலேசியத் தமிழராகிய நமக்கு இப்பகுதி தனி உரிமையுடையது. ஆயின், சுங்கம் கொள்வோர் அயராது உழைப்பதையும், பண்டங்களுக்குச் சோழனின் புலி இலச்சினை இடப்படுவதையும், அவை கடுங்காவலில் கிடப்பதையும் புலவர் மறவாது பாடுகிறார். துறை திறந்திருந்தது, துறையில் காவலும் இருந்தது.

மற்றொரு வரம்பு வணிகரின் நெஞ்சில் இருந்தது. நுகத்தடியின் நடுவாணிபோல் ஒருபுறம் சாயாதவர் என்று புலவர் அவர்களைப் போற்றுகிறார். வாங்கும்போது அளவுக்கு மேல் பெறார். விற்கும்போது அளவிற் குறையத் தாரார். பிறர் பொருளையும் தம் பொருளேபோல் மதிப்பர்.

இந்த நடுவாணியைக் கொண்டு கிள்ளான், மேரு வட்டாரங்கள் கண்ட இரப்பர் வரலாற்றை அளந்து பார்ப்போம். முதல் உலகப்போருக்குப் பின் இரப்பர் விலை வீழ்ந்தபோது, தோட்ட முதலாளிகள் பலர் அரசின் காவலையே நாடினர். அதன் பயனாக 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேராது, தம் விளைச்சலைப் பெருக்கிக்கொண்டன. ஆகவே 1934-இல் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. இக்கட்டுப்பாட்டிலும் பெருந்தோட்டங்களே ஆதரவு பெற்றன. சிறுதோட்டக்காரரின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டது.

முதலுக்குக் கிடைத்த காவல் உழைப்புக்குக் கிடைத்ததா? 1930-க்குப் பின் விலை சரிந்த நாள்களில் பால் மரம் சீவிய தமிழர் பல்லாயிரவர் தமிழகத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டனர். இரண்டாம் போரால் இரப்பருக்குத் தேவை மிகுந்திருந்த 1941-இல், கிள்ளான் தோட்டங்களில் அவர்கள் கூலி உயர்வு கேட்டனர். துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவையும் நீக்கக் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் சிறைப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கட்டுப்பாடு வேண்டாதவர் இங்கு எவருமிலர். எவர் நலத்திற்குக் கட்டுப்பாடு என்பதே வழக்கு.

இங்கே பட்டினப்பாலையையும் நாம் திறனாய வேண்டும். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவந்த மகளிர் அம்பலத்தில் விளக்கேற்றுவதை அப்பாட்டே காட்டுகிறது. வணிகரின் நடுவுநிலையைப் புகழ்ந்த புலவர், அம்மகளிரின் உழைப்பை அக்கோலால் அளக்கவில்லை. இக்குறையை மறைப்பது நூலுக்குப் பெருமையன்று.

கடல் வாணிகம் வளரட்டும். முதலும் ஊதியம் பெறட்டும். ஆயினும் பொருளை விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நின்ற அந்த நடுவாணி, கூலி கொடுப்பவனுக்கும் உழைப்பவனுக்கும் இடையிலும் நிற்றல் வேண்டும். முதலாளியம் செல்லத்தக்க எல்லை அதுவே. பட்டினப்பாலையைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் புலி இலச்சினையோடு இதனையும் மாணவர்க்கு உணர்த்துவாராக.