செத்துச் செத்து விளையாடலாமா?

'கேவ்ஸ் ஆஃப் குட்' கேமில் தண்ணீர்தான் காசு. வாள் வாங்கினாலும் தண்ணீர்தான் விலை. தாகம் எடுத்தால் அதே காசைத்தான் குடிக்க வேண்டும்.

உருவாக்கியது அமெரிக்காவின் ஃப்ரீஹோல்ட் கேம்ஸ். வெளியிட்டது மான்ட்ரியலில் 2013இல் தொடங்கப்பட்ட கிட்ஃபாக்ஸ் கேம்ஸ். 2015 முதல் ஸ்டீமில் எர்லி ஆக்சஸில் (முழுமையாகும் முன்பே விற்பனையில்) இருந்து, 2024 டிசம்பர் 5 அன்று முழுமையான 1.0 பதிப்பாக வந்தது. 2025இல் ஹியூகோ விருதும் வாங்கிவிட்டது.

பார்ப்பதற்கு 80களின் கம்ப்யூட்டர் திரைதான்: கரும்பச்சைப் பின்னணி, கொஞ்சமே கொஞ்சம் நிறங்கள், கட்டம் கட்டமாகப் படங்கள். 1980இல் வந்த 'ரோக்' கேமின் வம்சம். நாம் அசையாதவரை எதிரியும் அசையமாட்டான்.

நாலு கை, இரண்டு தலை என்று நம் ஆளை இஷ்டத்துக்கு உருவாக்கலாம். ஜோப்பா கிராமத்தில் மெஹ்மெட் என்ற விவசாயி, பயிரை அழிப்பது எது என்று பார்த்துவரச் சொல்லி ரெட் ராக் குகைக்கு அனுப்புகிறார். அங்கே கழுதைப்புலி முகத்தோடு 'ஸ்னாப்ஜா' கூட்டம். திறந்த வெளியில் நின்றால் சுற்றி வளைத்து அடிக்கும். குறுகலான வழிக்குள் பின்வாங்கினால் ஒவ்வொன்றாகத்தான் வரமுடியும். இந்த யோசனைதான் கேமின் ருசி.

ஆட்டக்காரர்களின் பழைய புகார்: செத்தால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து, கீபோர்டு முழுக்க கட்டளைகள், எங்கே தொடங்குவது என்றே தெரியாது. இப்போது டுடோரியல் இருக்கிறது. 'ரோல்ப்ளே' மோடில் ஊருக்குள் போனால் சேவ் ஆகிவிடும். 'வாண்டர்' மோடில் பெரும்பாலான உயிர்கள் நம்மேல் பாய்வதில்லை. கொன்றால் அனுபவப் புள்ளி கிடையாது, புது இடம் கண்டுபிடித்தால் உண்டு. செத்தால் ஆட்டம் முடியும் 'கிளாசிக்' அப்படியே இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான்: புதியவர்களுக்கு வழிவிட்டார்கள், பழையவர்களின் ஆட்டத்தில் கைவைக்கவில்லை. 2022இல் கிட்ஃபாக்ஸ் வெளியிட்ட 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' ஸ்டீம் பதிப்பும் இப்படித்தான். வெறும் எழுத்துக் குறிகளாக இருந்த திரைக்குப் படமும் மவுஸ் வசதியும் வந்தன, உள்ளே அதே கேம்.

குறை? வாசிக்க நிறைய இருக்கிறது, அதுவும் அகராதி தேட வைக்கும் ஆங்கிலத்தில். சண்டை மட்டும் போதும் என்பவர்களுக்குச் சலித்துவிடும்.

ஸ்டீமில் அமெரிக்க விலை 29.99 டாலர். தாராளமாக வாங்கலாம். ஆனால் முதலில் ரோல்ப்ளே. ஸ்னாப்ஜாக்களைச் சமாளிக்கக் கற்றபிறகு கிளாசிக்.