'மீட்' என்ற சொல் யாருக்குச் சொந்தம்?

2025 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பர்கர், ஸ்டேக், சாசேஜ் போன்ற பெயர்களை விலங்கிறைச்சிக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும் என்ற திருத்தத்துக்கு ஆதரவாக 355 வாக்குகள், எதிராக 247 வாக்குகள். 2020இல் இதே போன்ற முயற்சி அங்கே தோற்றிருந்தது. சோயாவிலும் பட்டாணியிலும் செய்த உணவை எந்தப் பெயரில் விற்கலாம் என்ற இந்தச் சண்டையின் அடியில் கிடப்பது 'மீட்' என்ற ஆங்கிலச் சொல். தாவர உணவுக்காரர்கள் அதன் பழைய வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்: ஆதியில் 'மீட்' என்றால் எந்த உணவும்தானே, பிறகு எங்களை ஏன் தடுக்கிறீர்கள்? எதிர்த்தரப்பு, அந்தச் சொல்லுக்கு விலங்கின் சதை என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது என்கிறது. இரண்டு வாதங்களும் சோதனைக்கு நிற்குமா?

வரலாற்றுத் தகவல் சரிதான். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு உணவு என்றே பொருள். இதன் உடன்பிறப்பான 'மாட்' ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் வெறும் சாப்பாட்டைத்தான் குறிக்கிறது. ஜெர்மனில் கத்திக்கு 'மெஸ்ஸர்' என்று பெயர். அதன் முன்பாதியில் இருப்பதும் இதே சொல்தான், உணவு வெட்டும் கத்தி. எல்லாவற்றையும் விடத் தெளிவான சான்று 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிள். லேவியராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அது 'மீட் ஆஃபரிங்' என்று ஒரு காணிக்கையைச் சொல்கிறது. மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம்: காணிக்கையில் இருப்பவை இவைதாம். ஒரு துண்டு இறைச்சி கிடையாது. எபிரெய மூலத்தில் இருப்பது தானியக் காணிக்கை. தமிழ் வேதாகமம் அதைப் போஜனபலி என்று சரியாகவே சொல்லிவிட்டது. ஆங்கிலத்தில்தான் சிக்கல் வந்தது. 1885இல் திருத்திய பதிப்பு அதை 'மீல் ஆஃபரிங்' என்று மாற்றியது. அதற்குள் சொல் அவ்வளவு சுருங்கிவிட்டது. பழைய பெயரைப் படிக்கிறவர் பலிபீடத்தில் ஆட்டைத் தேடுவார்.

ஏன் சுருங்கியது? வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது: சதையைக் குறித்த 'ஃப்ளெஷ்' மனித உடலுக்கும் பாவத்துக்கும் உரிய சொல்லாகிவிட்டது, சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்ல நா கூசியது, அந்த இடத்துக்கு 'மீட்' வந்தது. எனக்கு இது பாதிதான் ஏற்புடையது. ஜெர்மன்காரர்களும் அதே பைபிளைத்தான் படித்தார்கள். அவர்களுடைய 'ஃப்ளைஷ்' இன்றுவரை உடலின் சதைக்கும் கசாப்புக்கடைச் சதைக்கும் பொதுவாகவே இருக்கிறது. பிரெஞ்சு 'வியாந்த்' இன்னொரு சான்று. வாழ்வதற்கு உரியது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லில் பிறந்து, எல்லா உணவையும் குறித்து, கடைசியில் அதுவும் இறைச்சியில் வந்து நின்றது. இரண்டு மொழிகளில் ஒரே போக்கு என்றால், பந்தியில் மதிப்பு மிகுந்த பண்டம் பொதுப்பெயரைத் தனக்கு இழுத்துக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

சுருங்கிய வேகம் அதைவிட முக்கியம். இறைச்சி என்ற பொருள் 1300ஐ ஒட்டி எழுத்தில் தலைகாட்டுகிறது. உணவு என்ற பொருள் அதற்கு மூன்று நூற்றாண்டுக்குப் பிறகும் பைபிளில் உயிரோடு இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் குழம்பினார்களா? இல்லை, அடைமொழி வைத்துக்கொண்டார்கள். இறைச்சி 'ஃப்ளெஷ்-மீட்', கால்நடைக்குப் போடும் பசுந்தழை 'கிரீன் மீட்'. 1577இல் இங்கிலாந்தை வருணித்து எழுதிய வில்லியம் ஹாரிசன், பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி மூன்றையும் 'ஒயிட் மீட்' என்று குறிப்பிட்டு, அவை இப்போது ஏழைகளின் உணவாகக் கருதப்படுகின்றன என்கிறார். இன்று அதே தொடர் கோழிக்கறியைக் குறிக்கிறது.

இனி முதல் வாதம். ஆதியில் இருந்த பொருள் இன்றைக்கு உரிமை தருமா? தராது. 'டியர்' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்கையும் குறித்தது. இன்று மானை மட்டுமே குறிக்கிறது. ஆட்டை 'டியர்' என்று விற்றுவிட்டு ஆயிரம் ஆண்டுப் பழைய அகராதியைக் காட்டினால் அது மோசடியே. வாங்குகிறவர் இன்றைய ஆங்கிலம் பேசுகிறவர். தாவர உணவுக்காரர்கள் லேவியராகமத்தைத் தூக்கிக்கொண்டு வருவது அவர்களுடைய நியாயமான வழக்கையே பலவீனமாக்குகிறது.

எதிர்த்தரப்பின் வாதம் இதைவிட மோசமாகச் சரிகிறது. இன்றைய வழக்கே அதைக் கவிழ்த்துவிடும். இந்தியாவின் ஜிஎஸ்டி வரி அட்டவணையில் 'ஸ்வீட்மீட்ஸ்' என்ற வகை உண்டு. லட்டும் மைசூர்பாகும் அதில்தான் வருகின்றன. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் 'பை' என்ற பண்டத்தில் வைக்கிற 'மின்ஸ்மீட்' ஒருகாலத்தில் கொத்திய இறைச்சி. இன்று உலர்பழக் கலவை. தேங்காய்ப் பருப்பை 'கோகனட் மீட்' என்கிறார்கள். அடைமொழி சேர்ந்த இடத்தில் பழைய பொருள் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சங்க காலத்தில் மிளகையும் குறித்த 'கறி', தமிழ்நாட்டில் தனித்து நின்றால் இறைச்சி. ஆனால் காய்கறிக் கடையும் கறிக்கடையும் ஒரே தெருவில் இருக்கின்றன. கடை மாறிப் போகிறவர் இல்லை. இலங்கையில் மரக்கறிச் சாப்பாடு கேட்டால் இலையில் இறைச்சி வராது.

அப்படியானால் நீதிமன்றங்கள்? 2017இல் டோஃபுடவுன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பளித்தது: பால், வெண்ணெய் போன்ற பெயர்களைத் தாவரப் பொருளுக்கு வைக்கக்கூடாது, தாவரத்தில் செய்தது என்று அடைமொழி சேர்த்தாலும் கூடாது. என் வாதத்துக்கு நேர் எதிரான தீர்ப்பு இது. ஆனால் அதே சட்டத்தின் கீழ் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது; தேங்காய்ப்பாலும் பீநட் பட்டரும் அதில் அனுமதிக்கப்பட்டவை. நெடுநாள் வழக்கு என்பது காரணம். அடைமொழி போதும் என்பதைப் பழைய பண்டத்துக்கு ஒப்புக்கொண்டு புதிய பண்டத்துக்கு மறுப்பதில், முதலில் வந்தவருக்குச் சலுகை என்பதைத் தவிர வேறு தர்க்கம் எனக்குத் தெரியவில்லை. 2024 அக்டோபரில், தாவர உணவுக்கு இறைச்சிப் பெயர்களை மறுத்த பிரான்ஸின் தடை பற்றிய தீர்ப்பில் அதே நீதிமன்றம் வேறு பாதையில் போனது: ஒரு பெயரைச் சட்டப்படி வரையறுக்காத நாடு, தாவர உணவுக்கு அதைப் பொத்தாம்பொதுவாகத் தடுக்க முடியாது, நுகர்வோரைக் காக்க ஏற்கெனவே உள்ள விதிகள் போதும். இரண்டில் இதுவே மொழி நடக்கும் விதத்துக்கு நெருக்கமானது.

ஆகவே என் முடிவு இது. 'மீட்' என்று மட்டும் அச்சிட்டு உள்ளே பட்டாணி மாவை வைத்தால் தடுக்க வேண்டும். தனித்து நிற்கும் சொல் இன்று இறைச்சிக்கே உரியது. 'பட்டாணி மீட்', 'சோயா பர்கர்' என்று விற்றால் விட்டுவிட வேண்டும். சட்டம் கவனிக்க வேண்டியது எழுத்தின் அளவை. 'பர்கர்' உறையின் பாதியை அடைத்துக்கொண்டிருக்க, 'சோயா' பின்புறத்தில் பொடியெழுத்தில் ஒளிந்திருந்தால் அபராதம் போடலாம்; இரண்டும் ஒரே வரியில், ஒரே அளவில் இருந்தால் புகார் சொல்ல யாருக்கும் இடமில்லை.