விலங்கும் விதியும்: அமெரிக்கச் சித்திரக்கதைகளில் ருசிய ஒற்றன்

வெகுசன வாசிப்புக்கென உற்பத்தி செய்யப்படும் எழுத்துகளை ஆராய்வது திறனாய்வுக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. சித்திரக்கதைகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் மேலும் வலுவுடையது. ஆயினும், ஒரு சமூகம் தன் பகைவனை எவ்வாறு கற்பனை செய்துகொள்கின்றது என்பதை அறிய விரும்புவோர் அச்சமூகத்தின் உயர் இலக்கியத்தை மாத்திரம் நோக்கினாற் போதாது. உயர் இலக்கியம் பகைவனைப் பற்றி ஐயுறும், தயங்கும். மாதந்தோறும் அச்சாகி விற்பனைக்கு வரும் சித்திரக்கதைக்கு ஐயுறுவதற்கு நேரமில்லை.

பனிப்போர்க் காலத்து அமெரிக்க அதிமானுட வீரர் கதைகளில் ருசிய ஒற்றன் நிரந்தரமான பாத்திரம். அவர்களுள் மிகக் கொடியவனாகக் கருதப்படுபவன் 1988இல் தோன்றினான். டீ.சீ. நிறுவனத்தின் ‘பேட்மன்’ இதழின் 417ஆம் இலக்கம் முதல் 420ஆம் இலக்கம் வரை நான்கு பகுதிகளாக வெளிவந்த கதை அது. ஜிம் ஸ்டார்லின் எழுத, ஜிம் அபாரோ வரைந்தார். கதையின் பெயரை ‘விலங்கின் பத்து இரவுகள்’ எனத் தமிழாக்கலாம். கே.ஜீ.பீ. நிறுவனத்துள் ‘சுத்தியல்’ எனப்படும் மறைவான குழு ஒன்றைச் சேர்ந்த அனத்தோலி கினியாசெவ் என்பான் கொதம் நகருக்கு அனுப்பப்படுகின்றான். அமெரிக்காவின் ‘நட்சத்திரப் போர்’ ஆயுதத் திட்டத்தை முடக்குவதற்காகப் பத்துப் பேரைக் கொல்வது அவன் பணி. பட்டியலின் இறுதிப் பெயர் ஜனாதிபதி றேகனுடையது. ஒருவனைக் கொல்வதற்காக அவனைச் சூழ்ந்துள்ள எத்தனை பேரையும் சேர்த்துக் கொல்வதற்கு அவன் தயங்குவதில்லை.

அவனுடைய சங்கேதப் பெயர் ‘விலங்கு’. அமெரிக்க உளவாளர்களோ அப்பெயருக்குரிய ‘பீஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கே.ஜீ.பீ.யின் இறுதி எழுத்தோடு ஒட்டி ‘கே.ஜீ.பீஸ்ட்’ என்கின்றனர். சொல் விளையாட்டு மலிவானதுதான். ஆனால் அதன் வேலை மலிவானதன்று. ஓர் அரச நிறுவனமும் ஒரு மிருகமும் ஒரே எழுத்திற் பொருந்திவிடுகின்றன. இடையில் மனிதனுக்கு இடமில்லை. ‘கினியாஸ்’ என்பது ருசிய மொழியில் இளவரசனைக் குறிக்கும் சொல். புரட்சியின் அரசு பெற்றெடுத்த கொலையாளிக்கு இளவரசர் வழிவந்த குடும்பப் பெயர்! ஆசிரியர் இதனை எண்ணி வைத்திருப்பார் என நாம் கருதவில்லை. ருசியப் பெயர்போல் ஒலித்தால் அவருக்குப் போதுமானதாயிருந்திருக்கும்.

சித்திரக்கதைகளின் கருத்துநிலையை ஆராய்ந்த நூல்களுள் ஏரியல் டோர்ஃப்மன், ஆர்மண்ட் மற்றலார் ஆகிய இருவரும் 1971இல் சிலியில் எழுதிய, டொனால்ட் டக் பற்றிய நூல் முற்போக்காளரிடையே மிகுந்த செல்வாக்குப் பெற்றது. குழந்தைமையின் போர்வையுள் ஏகாதிபத்தியம் ஒளிந்திருப்பதை அவர்கள் வெளிக்கொணர்ந்தனர். ஒளிந்திருப்பதைக் காட்டுவது அவர்களது முறை. நாம் எடுத்துக்கொண்ட கதையில் அம்முறை அதிகம் பயன்படாது. இங்கு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பகைமை பெயரிலேயே எழுதப்பட்டுள்ளது. ‘இது சோவியத் எதிர்ப்புப் பிரசாரம்’ என்று கூறி முடிப்பது உண்மையேயாயினும் ஆய்வாகாது; பத்து வயது வாசகனும் அதனை அறிவான். கேட்கவேண்டிய வினா வேறு. இத்துணைக் கொடிய வில்லன் கதைக்கு எதற்காகத் தேவைப்பட்டான்?

இதனை விளங்கிக்கொள்வதற்குக் கால் நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். மார்வெல் நிறுவனத்தின் ‘அயன் மான்’ கதைகளில் 1963இல் அன்ரன் வாங்கோ என்னும் சோவியத் விஞ்ஞானி தோன்றினான். ‘கிரிம்சன் டைனமோ’ என்ற இயந்திரக் கவசம் அணிந்து அமெரிக்க ஆயுத முதலாளி ஒருவனின் தொழிற்சாலைகளை நாசஞ்செய்ய வந்தவன் அவன். தன் அரசே தன்னைக் கொல்லவிருக்கின்றது என நம்பிக் கட்சி மாறுகின்றான். அம்முதலாளியிடமே வேலைக்குச் சேருகின்றான். 1964இல் அவனைத் தேடி இரண்டு ஒற்றர் வருகின்றனர். அவர்களிடமிருந்து அயன் மானைக் காப்பதற்காக வாங்கோ உயிர் துறக்கின்றான். அவ்விருவருள் ஒருத்திதான் நட்டாஷா, ‘பிளக் விடோ’ எனப் பின்னர் புகழ்பெற்றவள். அவளும் மனம் மாறினாள். 1973இல் அவெஞ்சர்ஸ் குழுவில் இணைந்தாள். இன்று திரைப்பட நாயகி.

இக்கதைகள் பண்படாதவை. குருஷேவ் அவற்றிற் கேலிச்சித்திரமாகவே வருகின்றார். எனினும் அவற்றுள் ஒரு நம்பிக்கை இருந்தது. ருசியன் ஏமாற்றப்பட்டவன், உண்மையை எடுத்துரைத்தால் நம் பக்கம் வருவான் என்பதே அது. அகந்தை நிறைந்த நம்பிக்கைதான். ஆயினும், பகைவனுக்கு அறிவும் மனச்சாட்சியும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல் அவனை மனம் மாற்ற முடியாது. வாங்கோ விஞ்ஞானி, நட்டாஷா காதலிக்கவும் கலங்கவும் தெரிந்தவள். 1988இன் கினியாசெவ்வை யாரும் மாற்ற முயல்வதில்லை. அவனோடு எவரும் வாதிடுவதில்லை. விலங்கோடு என்ன வாதம்?

இம்மாற்றத்தை அமெரிக்க வெகுசனக் கலையின் பொதுப்போக்கோடு இணைத்தே நோக்கல் வேண்டும். 1984இல் ‘ரெட் டோன்’, 1985இல் ‘ரம்போ’வின் இரண்டாம் பாகமும் ‘ரொக்கி’யின் நான்காம் பாகமும் வெளிவந்தன. அவற்றில் ருசியன் கருத்தின் பிரதிநிதியல்லன், தசையின் பிரதிநிதி. கினியாசெவ்வும் அவ்வகையினனே. அவனது உடல் இயந்திர நுட்பத்தால் வலுவூட்டப்பட்டது. கதை முழுவதிலும் அவன் ஏன் கொல்கின்றான் என்பதற்கு ஆணை என்ற ஒன்றைத் தவிர வேறு விடையில்லை. பொதுவுடைமையின் பெயரால் இயங்கும் இவன் பொதுவுடைமை பற்றிப் பேசுவதற்கு எதுவுமில்லாதவன் என்பது மனங்கொளத்தக்கது. அறுபதுகளின் ஒற்றர்கள் ஓயாது பிரசங்கம் செய்தனர். அது கேலிக்குரியதாயினும், கருத்து ஒன்று உண்டென்பதற்கு அடையாளமாயிருந்தது.

வரலாற்று நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தமைதான் விந்தை. றேகன் நட்சத்திரப் போர்த் திட்டத்தை அறிவித்தது 1983 மார்ச்சில். 1986 ஒக்டோபரில் றெய்க்யாவிக் பேச்சுவார்த்தை முறிந்தது இத்திட்டத்தின் பொருட்டே. ஆனால் 1987 டிசெம்பர் 8இல் றேகனும் கொர்பச்சேவும் இடைத்தூர அணு ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டுவிட்டனர். 1988 மார்ச் எனத் தேதியிடப்பட்டு வெளிவந்த கதை, காலங்கடந்து வந்த கதை. ஆசிரியரும் இதனை உணர்ந்திருத்தல் வேண்டும். அதனாலேயே கினியாசெவ்வை ஏவிய தளபதி தன் அரசின் அனுமதியின்றி இயங்குபவனாகக் காட்டப்படுகின்றான். மொஸ்கோ குற்றமற்றது; ஆனால் மொஸ்கோவின் விலங்கு கொதம் நகரில் அலைகின்றது. சமாதானத்தையும் இழக்காமல், வில்லனையும் இழக்காமல் கண்ட சமரசம் இது.

இன்னுமொன்று. அத்திட்டம் அமெரிக்காவினுள்ளேயே கடுமையான விவாதத்துக்கு உள்ளாகியிருந்தது. அமெரிக்கப் பௌதிகச் சங்கம் அமைத்த ஆய்வுக்குழு 1987இல் வெளியிட்ட அறிக்கை, லேசர் முதலிய கதிர் ஆயுதங்கள் ஏவுகணைகளைத் தடுக்கக்கூடியனவா என்பதை அறிவதற்கே பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆய்வு தேவைப்படும் எனக் கூறியது. இவ்விவாதத்தின் நிழல் தானும் கதையில் விழவில்லை. கதையுலகில் அத்திட்டத்தை எதிர்ப்பவர் என ஒரேயொரு வகையினரே உளர்: கொலைகாரர். கொல்லப்படுவோரும் பட்டியலில் உள்ள பெயர்களே. அவர்களின் வாழ்வை நாம் அறிவதில்லை. வாசகனின் வேலை எண்ணுவது. ஐந்து, ஆறு, ஏழு என எண்ணிக்கொண்டு அடுத்த இதழுக்குக் காத்திருக்கின்றான். எண்ணும் வாசகன் வினவுவதில்லை.

இதே நிறுவனம் ஈராண்டுகளுக்கு முன் ஃபிராங்க் மில்லரின் ‘த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ என்ற கதையை வெளியிட்டிருந்தது. அதில் றேகனை ஒத்த ஜனாதிபதி நகைப்புக்குரியவர். சூப்பர்மன் அவருடைய ஏவலாள். மில்லரின் அரசியல் முற்போக்கானதன்று. ஆயினும் அரசு ஐயத்துக்குரியது என்பதை அவர் மறக்கவில்லை. ஸ்டார்லினின் கதையில் பேட்மன் ஜனாதிபதியின் மெய்க்காவலனாகின்றான்.

கதையில் வாசகர் எவரும் மறவாத கட்டமொன்றுண்டு. பேட்மன் வீசிய கயிறு கினியாசெவ்வின் மணிக்கட்டை இறுக்கிக்கொள்கின்றது. அவன் அருகிலிருந்த கோடரியை எடுத்துத் தன் கையைத் தானே துண்டித்துவிட்டுத் தப்பிச் செல்கின்றான். அபாரோ இதனை எவ்வித மிகையுமின்றி வரைந்துள்ளார். அதனாலேயே அது உறைக்கின்றது. சித்திரக்கதைக் கலையின் வலிமையை இவ்விடத்தில் நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். தான் ஏற்ற பணிக்காகத் தன் அங்கத்தை அரிந்தளிப்பவனை வேறெந்தக் கதைமரபும் வீரன் என்றே கூறியிருக்கும். தன் கண்ணைத் தானே அகழ்ந்த அடியாரைத் தொழும் மரபில் வந்த நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. இங்கோ அச்செயல் வேறுவிதமாக வாசிக்கப்படுகின்றது. பொறியில் அகப்பட்ட விலங்கு தன் காலைத் தானே கடித்து முறித்துக்கொண்டு ஓடும் என்பது வேட்டைக்காரர் கூற்று. பெயர் முன்கூட்டியே இடப்பட்டுவிட்டமையால் தியாகம் மிருக இயல்பாகச் சுருங்கிவிடுகின்றது. இழந்த கையின் இடத்தில் அவன் பின்னர் துப்பாக்கியொன்றைப் பொருத்திக்கொள்கின்றான். 1972இல் சிவகாசியின் ‘முத்து காமிக்ஸ்’ வெளியிட்ட இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகர், கையிழந்து உலோகக்கை பெற்ற ஒற்றனை நாயகனாகவே அறிவர். அங்கக்குறை ஒன்றே, எந்த அரசுக்கு ஊழியம் செய்கின்றான் என்பதே அது நாயகனின் அடையாளமா விலங்கின் அடையாளமா என்பதை நிருணயிக்கின்றது.

கே.ஜீ.பீ.யை இவ்விடத்தில் நியாயப்படுத்துவது நம் நோக்கமன்று. அந்நிறுவனத்தின் கொடுமை மெய்யானது. ஆனால் அதன் பெரும் பாரம் விழுந்தது சோவியத் குடிமக்கள் மீதே. மாற்றுக் கருத்துடையோரை மனநோய் மருத்துவமனைகளில் அடைத்துவைத்தமை அதன் ஓர் அம்சம். உலகறிந்த வெளிநாட்டுக் கொலைகளும் ஓசையற்றவை. 1978இல் இலண்டனில் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கொவ் குண்டூசித் தலையளவான ஒரு நச்சுக் குண்டினாற் கொல்லப்பட்டார். கோப்புகளாலும் கையொப்பங்களாலும் நடைபெறும் வன்முறையைத் தசைப்பிண்டமான ஒரு கொலையாளியாக மாற்றும்பொழுது, அவ்வன்முறைக்கு உண்மையிற் பலியானோர் கதையை விட்டே வெளியேற்றப்படுகின்றனர். கொதம் நகர்க் கதையில் கே.ஜீ.பீ.யால் துன்புற்ற ருசியர் ஒருவர் தானும் இல்லை. முற்போக்காளர் இக்கதையைக் குறைகூறவேண்டியது சோவியத் அரசை இழித்தமைக்காக அன்று. சோவியத் மக்களை மறந்தமைக்காகவே.

நாம் மேலே எழுப்பிய வினாவுக்கு விடை கதையின் முடிவில் உள்ளது. கொல்வதில்லை என்பது பேட்மன் தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதி. தன் பெற்றோரின் கொலையிற் பிறந்தவன் அவன். கொலையாளியாக மாறாதிருப்பதே அவன் அறம். கினியாசெவ்வை நிலத்தடிச் சாக்கடை வழிகளுக்குள் ஈர்த்துச்சென்று, அங்குள்ள அறையொன்றினுள் அவனை அடைத்துத் தாழிட்டுவிட்டுப் பேட்மன் நடந்து செல்கின்றான். விதிகள் நீதிக்கு இடையூறாகும் வேளைகளும் உண்டு என்பது அவன் கூறிக்கொள்ளும் நியாயம். பிடிபட்டவன், ஆயுதத்தால் தோற்றவன், வழக்கு மன்றுக்கு அனுப்பப்படக்கூடியவன் இருளில் விடப்படுகின்றான். இதனை வாசகன் ஏற்றுக்கொள்வதற்காகத்தான் நான்கு இதழ்களிலும் அத்தனை பிணங்கள் அடுக்கப்பட்டன. வில்லனின் ஈவிரக்கமின்மை வில்லனுக்காகப் படைக்கப்பட்டதன்று. நாயகன் தன் விதியை மீறுவதற்குரிய அனுமதிப் பத்திரம் அது. மனிதனைச் சிறையிடுவதற்குச் சட்டம் வேண்டும். விலங்கைக் கூண்டிலிடுவதற்குத் தாழ்ப்பாள் போதும்.

பதிப்பாளருக்கே இம்முடிவு உறுத்தியிருக்கின்றது. பின்வந்த கதையொன்றில், பேட்மன் பொலிசாருக்கு அறிவித்துக் கினியாசெவ்வைக் காவலில் எடுக்கச் செய்தான் எனத் திருத்தப்பட்டது. நாயகன் மீதிருந்த கறையைத் துடைக்கும் முயற்சி எனலாம். கறை உண்டு என்பதற்கான ஒப்புதலும் ஆகும். 1990இல் மார்வ் வூல்ஃப்மன் எழுதிய கதையில் அவனுடைய மாணவன் ஒருவன் மொஸ்கோவில் தோன்றுகின்றான். கொர்பச்சேவின் சீர்திருத்தங்களை வெறுத்துச் சோவியத் தலைவர்களையே கொல்லும் அவனுக்கு ‘என்.கே.வீ.டீமன்’ என்று பெயர். அந்நிறுவனத்தின் பெயர் 1946இலேயே மாற்றப்பட்டுவிட்டது. பேய்கள் மாத்திரம் பழைய பெயரை வைத்துக்கொள்கின்றன போலும்.

1991இல் சோவியத் யூனியனும் கே.ஜீ.பீ.யும் கலைந்தன. நட்சத்திரப் போர்த் திட்டமும் 1993இற் கைவிடப்பட்டது. கினியாசெவ் இவற்றாற் பாதிக்கப்படவில்லை. 2016இல் வெளிவந்த ‘பேட்மன் எதிர் சூப்பர்மன்’ திரைப்படத்தில் அவன் கூலிப்படையாள். ஏவிய அரசு மறைந்தபின் ஏவுவதற்குப் பணம் போதுமாயிற்று. கருத்துநிலை தொடக்கத்திலிருந்தே அவனுக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2018இல் ரொம் கிங் எழுதிய ‘பேட்மன்’ இதழ்களில் அவன் மீண்டும் வந்து, பேட்மனின் வளர்ப்பு மகனைத் தலையிற் சுடுகின்றான். பேட்மன் அவனைத் தேடி ருசியாவின் பனிவெளிக்குச் செல்கின்றான். இருவரும் நெடுநேரம் மோதுகின்றனர். முடிவில் கழுத்து முறிந்து, அசையமுடியாது, உதவி வேண்டிக் கிடக்கும் கினியாசெவ்வைப் பனியில் விட்டுவிட்டு நாயகன் திரும்பி நடக்கின்றான். காப்பதற்கு இப்பொழுது ஜனாதிபதியுமில்லை, வெல்வதற்குப் பனிப்போருமில்லை. தாழிட்ட கதவுக்குப் பதிலாகப் பனி.