மேலகரத்துக் கவிராயரின் வயல்கள்

குற்றாலக் குறவஞ்சி என்றதும் நம் ரசிகர்கள் நேரே மலையேறிவிடுகிறார்கள். மந்திக்குக் கனி கொடுத்துக் கொஞ்சும் வானரத்தையும் தேனருவியையும் கண்டு மயங்கி நிற்கிறார்கள். குறத்தி மலைவளம் பாடி முடித்ததும் பலருக்கு நூலே முடிந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு அப்பால் இருக்கிறது. சிங்கனும் நூவனும் பறவை பிடிக்கக் கண்ணியும் கையுமாக அலைகிறார்களே, அந்தப் பகுதி. கவிராயர் அங்கே மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறார். பறவைகள் ஆயிரப்பேரியையும் தென்காசியையும் சுற்றி வருகின்றன. அயிரையையும் ஆராலையும் கொத்துகின்றன. வயல்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கணக்குப்பிள்ளையின் அடங்கலுக்குத் தாளம் போட்டதுபோல் இருக்கிறது. வெறும் பெயர்ப் பட்டியல் என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும்! உழவன் காலால் அறிந்த ஊர் அந்தப் பாட்டில் இருக்கிறது.

இருப்பதற்குக் காரணமும் உண்டு. திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே கிடந்த சிற்றூர். மேற்கே உள்ள அகரம் என்று பெயரே சொல்கிறது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் பாட்டுக்குப் பரிசாக அவருக்கு நன்செய் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். வயலைப் பாடியவருக்கு வயலே கிடைத்தது. நம் காலத்துப் பரிசுகளை நினைத்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

1904-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடியது. சாரல் காலக் கூட்டம் பெருகிற்று. 2019-இல் தென்காசி மாவட்டத் தலைநகராயிற்று. ஊர் பெருத்தால் வீட்டுக்கு மனை வேண்டும். மலைக்கும் பட்டணத்துக்கும் நடுவே மனைக்கு வாகான சமநிலம் எது? வயல்தான். மேலகரம் இன்று பேரூராட்சி. தென்காசியின் புறநகர் என்றே சொல்லலாம்.

குற்றாலம் வரும் கதைகளைப் பாருங்கள். கதாநாயகன் சீசனுக்கு வருவான், குளிப்பான், காதலிப்பான், ரயிலேறிவிடுவான். வழியில் ஓர் ஊர் பட்டணமாகிக்கொண்டிருந்தது அவன் கண்ணில் படாது. அருவியை எழுத ஒரு பகல் போதும். மேலகரத்தை எழுத அங்கே குடியிருக்க வேண்டும்.

குறவஞ்சிக்கு இனி உரை எழுதுகிறவர், அயிரை ஒருவகைச் சிறுமீன் என்று குறிப்பெழுதுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பாட்டில் வரும் வயல்களில் எது இன்னும் வயல், எதில் வீடு ஏறிவிட்டது என்பதையும் விசாரித்து எழுதட்டும். அதற்கு மேலகரம், ஆயிரப்பேரிப் பக்கத்து விவசாயிகளைத்தான் கேட்க வேண்டும்.